கைமணிக்கூடு திடீரென முந்தி ஓடினால்: காந்தம் ஏறியதை இனங்காணலும் நீக்கலும்

சுவிற்சர்லாந்திலிருந்தோ கனடாவிலிருந்தோ ஊருக்கு வரும் உறவினர்களின் கையோடு யாழ்ப்பாணத்து வீடுகளுக்கு வந்து சேரும் விலையுயர்ந்த விளையாட்டுரக மணிக்கூடுகள் பலவற்றில், நீரைத் தாங்கும் ஆழத்தைப் போலவே காந்தத்தைத் தாங்கும் அளவும் இப்போது சிறப்பாகச் சொல்லப்படுகிறது. அப்படிப்பட்ட மணிக்கூடு ஒருநாள் காரணம் தெரியாமல் முந்தி ஓடத் தொடங்கும்போது, போலி மணிக்கூடு கைக்கு வந்துவிட்டதென்று சிலர் மனம் வருந்துகிறார்கள்; வேறு சிலர் அன்றைக்கே கடைக்குக் கொண்டுபோய்ப் பின்மூடியைத் திறக்கக் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டுக்கும் அவசரமில்லை. மணிக்கூட்டின் நடத்தையைக் கவனித்தால் காந்தம் ஏறியிருக்கிறதா, வேறு கோளாறா என்பதைப் பெரும்பாலும் மூடியைத் திறக்காமலே பிரித்தறியலாம். மருந்துக்கு முன் நோயை அறிய வேண்டும் என்பது மணிக்கூட்டுக்கும் பொருந்தும்.

முதலில் பிழையை அளந்து கொள்ளுங்கள்

மணிக்கூட்டை முழுமையாக முறுக்கேற்றுங்கள். கையசைவில் தானாக முறுக்கேறும் தன்னியக்க மணிக்கூடாக இருந்தாலும், பக்கத்திலுள்ள குமிழைத் திருகித் தளர்த்தி, முப்பது நாற்பது சுற்றுகள் கையால் சுற்றிவிட்டு, மறக்காமல் குமிழைத் திரும்ப இறுக்குங்கள். கைத்தொலைபேசியின் நேரம் வலையமைப்பிலிருந்து தானாகப் பெறப்படும்படி அமைத்துவிட்டு, அதற்கும் மணிக்கூட்டுக்கும் இடையே எத்தனை செக்கன் வித்தியாசம் என்று குறித்து வையுங்கள். அடுத்த நாள் அதே நேரத்தில் மீண்டும் பார்த்தால் நாளொன்றுக்கான பிழை கிடைக்கும். ஒப்பிடும்போது தொலைபேசியையும் மணிக்கூட்டையும் பக்கம் பக்கமாக வைக்காதீர்கள். தொலைபேசியின் ஒலிபெருக்கியிலும், புதிய தொலைபேசிகளின் முதுகுப்புறத்திலும் நிலைக்காந்தங்கள் உண்டு.

ஒரு நாளில் 86,400 செக்கன்கள் இருக்கின்றன. ஐந்து செக்கன் பிழை என்பது ஏறக்குறைய பதினேழாயிரத்தில் ஒரு பங்கு. மிகத் துல்லியமான மணிக்கூடுகளுக்கு வழங்கப்படும் சுவிஸ் குரோனோமீற்றர் சான்றிதழே நாளொன்றுக்கு நான்கு செக்கன் பிந்துவதிலிருந்து ஆறு செக்கன் முந்துவது வரை அனுமதிக்கிறது. ஆகவே நாளொன்றுக்கு ஐந்தாறு செக்கன் முந்துவது கோளாறே அல்ல. அதற்காக மணிக்கூட்டை யாரிடமும் கொடுக்க வேண்டியதில்லை. நேற்றுவரை மூன்று செக்கன் முந்திய மணிக்கூடு இன்று இரண்டு நிமிடம் முந்துகிறதென்றால் அது வேறு விடயம். காந்தத்தின் முதல் அடையாளம் பிழையின் அளவைவிட அது வந்த வேகத்தில்தான் இருக்கிறது.

அறிகுறி: ஒரே நாளில் தொடங்கி, நாளொன்றுக்கு அரை நிமிடத்துக்கு மேல் முந்துகிறது

இது காந்தம் ஏறியதன் மிகத் தெளிவான அடையாளம். மணிக்கூட்டின் நேரத்தைக் காப்பது பாலன்ஸ் சக்கரமும் அதனோடு இணைந்த, தலைமயிரை ஒத்த மெல்லிய ஹெயார்ஸ்பிரிங்கும் ஆகும். இன்றைய மணிக்கூடுகள் பலவற்றில் இச்சக்கரம் மணிக்கு 28,800 துடிப்புகள், அதாவது செக்கனுக்கு எட்டுத் துடிப்புகள் என்ற கணக்கில் அசைகிறது. வழமையான ஹெயார்ஸ்பிரிங் இரும்பும் நிக்கலும் கலந்த உலோகத்தாலானது. அது காந்தமேறினால் அதன் சுற்றுகள் ஒன்றையொன்று இழுத்து ஒட்டிக் கொள்கின்றன. ஒட்டிய சுற்றுகள் வேலை செய்யாததால் சுருளின் பயன்படும் நீளம் குறைகிறது. நீளம் குறைந்த சுருள் விறைப்பாகிறது. விறைப்பான சுருள் சக்கரத்தை வேகமாகத் திருப்பி அனுப்புகிறது. எனவேதான் காந்தமேறிய மணிக்கூடு பெரும்பாலும் பிந்தாமல் முந்துகிறது. மிகக் கடுமையாக ஏறியிருந்தால் சில மணிக்கூடுகள் நின்றுவிடவும் கூடும்.

உறுதிப்படுத்துவதற்கு ஒரு சிறிய ஊசித் திசைகாட்டி போதும். பாடசாலை விஞ்ஞானகூடங்களில் காந்தப்புலக் கோடுகள் வரையப் பயன்படும் விரல்நுனி அளவான திசைகாட்டி இதற்கு மிகவும் ஏற்றது. தொலைபேசியில் உள்ள திசைகாட்டிச் செயலியைப் பயன்படுத்த வேண்டாம். சோதிக்கும் கருவியே நோயைக் கொடுக்கும் கருவியாகிவிடும். ஐரோப்பாவில் வாங்கிய திசைகாட்டியைக் கொண்டு இங்கே சோதிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பூமியின் காந்தப்புலம் அங்கே மிகச் சரிவாகக் கீழ்நோக்கிச் சாய்கிறது. யாழ்ப்பாணமோ காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் இங்கே ஊசி ஏறத்தாழக் கிடையாகவே நிற்கும். அந்நாடுகளுக்காகச் சமன்செய்யப்பட்ட ஊசியின் தென்முனை இங்கே தாழ்ந்து அடித்தட்டில் உரசலாம். ஊசி தடையின்றி அசைகிறதா என்று முதலில் பார்த்துவிட்டே சோதனையைத் தொடங்குங்கள்.

திசைகாட்டியை மரமேசையில் வைத்து, இரும்புப் பொருட்களை அகற்றிவிட்டு, மணிக்கூட்டை மெதுவாக அதன் அருகே கொண்டுவந்து, விளிம்பைச் சுற்றிச் சுற்றித் திருப்புங்கள். ஊசி அசையாவிட்டால் வலுவான காந்தம் இல்லை. ஊசியின் ஒரு முனை இழுபட்டு, மணிக்கூட்டைத் திருப்பியதும் அதே முனை விலக்கப்பட்டால் காந்தம் ஏறியிருக்கிறது. ஊசியின் இரண்டு முனைகளுமே இழுபட்டு, எந்தப் பக்கத்திலும் விலக்கம் இல்லாவிட்டால் அங்கே இருப்பது வெறும் இரும்பு மட்டுமே, அது காந்தமாகவில்லை. இந்த வேறுபாட்டை நன்கு மனத்தில் பதித்துக் கொள்ள வேண்டும். ஏனெனில் காந்தத் தடுப்பு மணிக்கூடுகளில் ஒருவகை, மென்னிரும்பாலான உட்கூட்டுக்குள் இயந்திரத்தை வைத்திருக்கிறது. அந்தக் கூடு எந்த ஊசியையும் இழுக்கும். அதைக் கண்டு காந்தமேறிவிட்டதென்று முடிவுகட்டி, நல்ல மணிக்கூட்டைத் தேவையின்றிக் கருவிக்குள் விடுவது அடிக்கடி நடக்கும் தவறு. பட்டியின் கொழுவியும் தனியாகக் காந்தமேறக் கூடியதாகையால், முடிந்தால் பட்டியைத் திருப்பி ஒதுக்கிவிட்டுச் சோதியுங்கள்.

காந்தம் உறுதியானால் நீக்குவது கடினமன்று. மணிக்கூடு திருத்துபவர்கள் வைத்திருக்கும் காந்தநீக்கி, எங்களுடைய 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ் ஆடலோட்ட மின்சாரத்தில் இயங்கும் ஒரு கம்பிச்சுருள். அதன் புலம் செக்கனுக்கு ஐம்பது தடவை முன்னும் பின்னுமாக மாறுகிறது. மணிக்கூட்டைச் சுருளின் மேல் வைத்து, பொத்தானை அழுத்திப் பிடித்தபடி, நேர்கோட்டில் மெதுவாக ஒரு முழத் தூரத்துக்கு மேல் விலக்கி, அதன் பின்னரே பொத்தானை விட வேண்டும். விலகும்போது புலம் படிப்படியாகத் தேய்வதால் உலோகத்தில் எஞ்சிய காந்தமும் படிப்படியாகத் தேய்ந்து போகிறது. மணிக்கூடு சுருளின் மேல் இருக்கும்போதே பொத்தானை விட்டுவிட்டால், அந்தக் கணத்தில் இருந்த புலம் அப்படியே பதிந்து, முன்பிருந்ததைவிட மோசமான நிலை வரலாம். காந்தநீக்கி வேலை செய்யவில்லை என்று சொல்லப்படுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். மணிக்கூட்டைக் கால்வட்டம் திருப்பி இன்னும் ஒன்றிரண்டு தடவை செய்யலாம். சிறிய கருவிகள் விரைவில் சூடேறுவதால் தொடர்ந்து அழுத்திப் பிடிக்கக் கூடாது. இதயமுடுக்கி பொருத்தியவர்கள் இக்கருவிக்கு அருகில் நிற்க வேண்டாம். வங்கி அட்டைகளையும் தூர வையுங்கள்.

இது ஒரு நிமிட வேலை. பின்மூடியைத் திறக்கத் தேவையில்லை, நீர்த்தடை வளையம் கலையாது, உத்தரவாதத்துக்கும் பாதிப்பில்லை. கஸ்தூரியார் வீதிப் பக்கமோ நவீன சந்தைப் பக்கமோ உங்களுக்குப் பழக்கமான மணிக்கூடு திருத்துபவரிடம் சென்று, “மூடியைத் திறக்க வேண்டாம், காந்தத்தை மட்டும் எடுத்துத் தாருங்கள்” என்று கேளுங்கள். அனுபவமுள்ளவர் இக்கோரிக்கையை உடனே விளங்கிக் கொள்வார். பிறகு மீண்டும் 24 மணித்தியாலம் அளந்து பாருங்கள். பழைய அளவுக்குத் திரும்பிவிட்டால் சிகிச்சை முடிந்தது.

அறிகுறி: காந்தத் தடுப்பு என்று எழுதியிருந்தும் முந்துகிறது

இங்கே எழுதியிருப்பதன் பொருளைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். ஏனெனில் எல்லாத் தடுப்பும் ஒன்றல்ல. ஐஎஸ்ஓ 764 என்ற சர்வதேசத் தரத்தின்படி, மீற்றருக்கு 4,800 ஆம்பியர் புலத்தைத் தாங்கி, அதன் பின் நாளொன்றுக்கு முப்பது செக்கனுக்குள் பிழை நின்றால் ஒரு மணிக்கூட்டைக் காந்தத் தடுப்புடையது என்று அழைக்கலாம். காந்தப்புலத்தை அளக்கும் காஸ் என்ற அலகில் அது ஏறத்தாழ 60 காஸ். குளிர்சாதனப்பெட்டியில் ஒட்டும் சாதாரண அலங்காரக் காந்தமே தன் மேற்பரப்பில் இந்த அளவுக்கு வரக்கூடியது. நியோடிமியம் காந்தங்களின் மேற்பரப்பிலோ ஆயிரக்கணக்கான காஸ் இருக்கும். ஆகவே அடிப்படைத் தரத்தை மட்டும் நிறைவு செய்யும் மணிக்கூடு, இன்றைய வீட்டில் காந்தமேறுவதில் வியப்பில்லை.

அடுத்த நிலை மென்னிரும்புக் கூடு. 1955இல் வந்த ஐடபிள்யூசி இன்ஜெனியரும், 1956இல் வந்த ரோலெக்ஸ் மில்காஸும் இவ்வழியில் ஏறத்தாழ ஆயிரம் காஸ் வரை தாங்கின. அக்காலத்தில் அவை பொறியியலாளர்களுக்கும் விஞ்ஞானிகளுக்குமாக உருவாக்கப்பட்டவை. 2023இல் புதுப்பிக்கப்பட்டு வந்த இன்ஜெனியரும் மென்னிரும்புக் கூட்டையே நம்புகிறது. கூடு புலத்தைத் தன் சுவர்களுக்குள்ளே வளைத்துக் கொண்டு போவதால் உள்ளே இருக்கும் இயந்திரம் தப்புகிறது. சுவர் தாங்கும் எல்லையைப் புலம் தாண்டினால் மிகுதி உள்ளே கசியும். எனவே இவ்வகை மணிக்கூட்டுக்கும் மிக வலுவான காந்தம் ஒட்டினால் பாதிப்பு வரலாம். அப்படி வந்தால், வெளியிலிருந்து காந்தநீக்கியைப் பயன்படுத்தும்போது அதே கூடு கருவியின் புலத்தையும் தடுத்துச் சிகிச்சையின் பலனைக் குறைத்துவிடக்கூடும். இவ்வகைக்கு மட்டும், மூடியைத் திறந்து இயந்திரத்தை வெளியே எடுத்துச் செய்யத் தயாரிப்பாளரின் அங்கீகாரம் பெற்றவரிடம் அனுப்புவதே முறையானது.

மூன்றாவது நிலையில் தடுப்புச் சுவரே இல்லை. காந்தமேறாத பொருள்களாலேயே முக்கிய உறுப்புகள் செய்யப்படுகின்றன. 2001இல் யூலிஸ் நார்டின் சிலிக்கனை மணிக்கூட்டின் இதயப்பகுதிக்குக் கொண்டு வந்தது. ரோலெக்ஸ் நையோபியமும் சேர்க்கோனியமும் கலந்த பராக்குரோம் சுருளைப் பயன்படுத்துகிறது. சுவொச் குழுமமும் ஓடெமா பிகேயும் சேர்ந்து உருவாக்கிய நிவாகுரோன், தைட்டேனியத்தை அடிப்படையாகக் கொண்டது. 2013இல் ஒமேகா, சிலிக்கன் சுருளுடன் அச்சுத்தண்டுகளையும் காந்தமேறாத உலோகத்துக்கு மாற்றி, 15,000 காஸைத் தாங்கும் அக்குவா டெராவை அறிவித்தது. 2015 முதல் அந்நிறுவனத்தின் மணிக்கூடுகளைச் சுவிஸ் அரசின் அளவியல் நிறுவனமான மெட்டாஸ் அதே 15,000 காஸில் சோதித்துச் சான்றளிக்கிறது. அங்கே அனுமதிக்கப்படும் பிழை நாளொன்றுக்குப் பூச்சியத்திலிருந்து ஐந்து செக்கன் முந்துவது வரை மட்டுமே. டியூடரும் 2021இலிருந்து இச்சோதனைக்கு உட்பட்ட மணிக்கூடுகளை வெளியிடுகிறது. உறுப்பையே மாற்றும் இந்த வழி கூடு கட்டும் வழியைவிட உயர்ந்தது என்பது என் உறுதியான கருத்து. மணிக்கூடு தடிப்பதில்லை, பின்புறம் கண்ணாடி வைத்து இயந்திரத்தைப் பார்க்கவும் முடிகிறது.

ஆனால் ஒரு மணிக்கூட்டில் சிலிக்கன் சுருள் இருப்பது, அதன் எல்லா உறுப்புகளும் காந்தத்துக்கு அப்பாற்பட்டவை என்று பொருள்படாது. சுருள் மட்டும் மாறி, மற்றத் தண்டுகளும் பற்சக்கரங்களும் உருக்காகவே இருந்தால், காந்தம் சிறிய அளவிலான பிழையைத் தரலாம். நிமிடக்கணக்கில் முந்தச் செய்வது அரிது. ஆகவே 15,000 காஸ் சான்றுள்ள மணிக்கூடு நிமிடக்கணக்கில் முந்தினால் காந்தத்தைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். அடியோ விழுதலோ ஏற்பட்டதா என்று நினைவுபடுத்துங்கள். குன்றும் குழியுமான வீதியில் நெடுநேரம் மோட்டார் சைக்கிள் ஓட்டியபோதோ, கிரிக்கெற் விளையாடும்போதோ மணிக்கூடு கையில் இருந்தால், சுருளின் ஒரு சுற்று இடம் மாறி மற்றொன்றின் மேல் கொழுவியிருக்கலாம். சுருளில் எண்ணெய் பட்டு ஒட்டினாலும் அறிகுறி காந்தத்தைப் போலவே இருக்கும். இவை எதுவும் காந்தநீக்கியால் தீராது; தகுதியுள்ளவர் திறந்து பார்த்தே தீர்க்க வேண்டும்.

அறிகுறி: காந்தம் நீக்கிய சில நாட்களில் மீண்டும் முந்துகிறது

மணிக்கூட்டில் குறையில்லை, வீட்டிலோ வேலைத்தலத்திலோ காந்தம் இருக்கிறது. இரவில் மணிக்கூட்டை எங்கே கழற்றி வைக்கிறீர்கள் என்பதே முதற்கேள்வி. தொலைபேசியின் மேல், கம்பியில்லாமல் மின்னேற்றும் தட்டின் அருகில், காதில் செருகும் ஒலிகேட்பானின் பெட்டியோடு ஒரே தட்டில், காந்தப் பூட்டுள்ள கைப்பைக்குள், மூடியில் காந்தமுள்ள கணினிப் பலகையின் (ராப்லெற்) மேல் என்று பதில் வந்தால் தேடல் முடிந்துவிட்டது. இன்டக்‌ஷன் அடுப்பின் மேல் கையை நீட்டிச் சமைப்பவர்கள் சமையலுக்கு முன் மணிக்கூட்டைக் கழற்றுவது நல்லது.

தொழிலும் காரணமாகலாம். ஒலிபெருக்கி வாடகைக்கு விடுபவர்கள், நல்லூர்த் திருவிழாக் காலத்தில் நாள் முழுவதும் பெரிய ஒலிபெருக்கிகளைத் தூக்கி இறக்குகிறார்கள். ஒவ்வொன்றின் பின்புறத்திலும் கனமான வளையக் காந்தம் இருக்கிறது. மோட்டார் சைக்கிள் திருத்துபவர்கள் காந்தம் பதித்த சுழற்சக்கரத்தைக் கழற்றிப் பூட்டுகிறார்கள். நகைப்பட்டறையில் பொன் அராவலிலிருந்து இரும்புத் துகளைப் பிரிக்கக் காந்தம் கையிலேயே இருக்கும். தையற்காரரின் ஊசித்தட்டும் காந்தமே. இவர்கள் வேலை நேரத்தில் மணிக்கூட்டைக் கழற்றி வைப்பது எளிய தீர்வு. அது முடியாவிட்டால், வாங்கும்போதே மூன்றாவது நிலையைத் தேர்வது பணத்துக்குத் தகுந்த பயன் தரும்.

இதில் ஆறுதல் தரும் ஓர் உண்மை உண்டு. சிறிய காந்தத்தின் புலம் தூரத்தோடு மிக விரைவாகத் தேய்கிறது; அதன் அளவோடு ஒப்பிடச் சற்றே தள்ளிப் போனபின், தூரம் இரு மடங்கானால் புலம் எட்டில் ஒன்றாகிறது. அதனால் மேசையில் தொலைபேசிக்கும் மணிக்கூட்டுக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி விட்டாலே போதும். தொலைபேசி வைத்திருப்பதற்கே அஞ்ச வேண்டியதில்லை.

மருத்துவமனையில் காந்த அதிர்வுப் படப்பிடிப்பு (எம்ஆர்ஐ) எடுக்கும் அறை இதற்கெல்லாம் விதிவிலக்கு. அங்கே புலம் 15,000 காஸ் அல்லது 30,000 காஸ். எந்தச் சான்று பெற்ற மணிக்கூடானாலும் அந்த அறைக்குள் அணிந்து செல்லக் கூடாது; அங்கே மணிக்கூட்டைவிட ஆளின் பாதுகாப்பே பெரிது.

அறிகுறி: பிந்துகிறது, அல்லது காலையில் நின்று கிடக்கிறது

காந்தத்தை நினைப்பதற்கு முன் முறுக்கை நினையுங்கள். மேசையில் அமர்ந்து வேலை செய்பவரின் கை போதிய அளவு அசையாததால் தன்னியக்க மணிக்கூடு முழுதாக முறுக்கேறாமல் போகலாம். கையால் முறுக்கேற்றிய நாளில் ஒழுங்காக ஓடினால் மணிக்கூடு நலமே. முழு முறுக்கிலும் பிந்தினால், குறிப்பாகப் பல வருடங்களாகப் பராமரிப்புப் பார்க்காத மணிக்கூடானால், எண்ணெய் காய்ந்திருக்கும். இரவில் முகப்பை மேல்நோக்கி வைத்த நாளுக்கும் குமிழைக் கீழ்நோக்கி வைத்த நாளுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் அதையும் குறித்துத் திருத்துபவரிடம் சொல்லுங்கள்.

அறிகுறி: பற்றறி மணிக்கூடு கைப்பைக்குள் நிற்கிறது, வெளியே எடுத்தால் ஓடுகிறது

பற்றறியில் ஓடும் குவார்ட்ஸ் மணிக்கூட்டின் முள்ளை நகர்த்துவது சிறிய படிமோட்டார். வெளிக்காந்தம் அருகில் இருக்கும்வரை அது தடைப்படும்; விலகியதும் பெரும்பாலும் தானாகவே ஓடும். நேரத்தைத் திருத்தினால் போதும். இதற்குக் காந்தநீக்கியைப் பயன்படுத்தக் கூடாது. அந்த மோட்டாரின் சுழலியே ஒரு நிலைக்காந்தம். அதன் காந்தத்தையும் கருவி பலவீனமாக்கிவிடலாம்.

அறிகுறி: கண்ணாடிக்குள் ஆவி படிகிறது

இது காந்தத்தோடு தொடர்பில்லாதது, ஆனால் எல்லாவற்றையும்விட அவசரமானது. கசூரினாக் கடலில் குளித்துவந்த பின் ஆவி தெரிந்தால் உப்புநீர் உள்ளே போயிருக்கிறது. வெயிலில் காயவைக்காமல் அன்றைக்கே திறக்கக் கொடுங்கள். உத்தரவாதத்தைப் பற்றிய தயக்கத்தில் காத்திருந்தால் உருக்கு உறுப்புகள் துருப்பிடித்துவிடும்.

வெளிநாட்டுக்குத் திருப்பி அனுப்ப வேண்டி வந்தால்

உத்தரவாதக் காலம் முடியாத மணிக்கூட்டை, திரும்பிச் செல்லும் உறவினரிடம் கொடுத்தனுப்புவதே பலரின் வழி. அப்போது பிழை எந்த நாளில் தொடங்கியது, முழு முறுக்கில் 24 மணித்தியாலத்துக்கு எத்தனை செக்கன், திசைகாட்டி ஊசி இழுபட்டதா விலக்கப்பட்டதா, காந்தம் நீக்கப்பட்டதா, விழுந்ததா என்பவற்றை ஒரு தாளில் எழுதி உத்தரவாத அட்டையோடு வையுங்கள். மணிக்கூட்டைத் துணியில் சுற்றித் தனிப் பெட்டியில் இட்டு, தொலைபேசி, காதில் செருகும் ஒலிகேட்பான், கணினிப் பலகை ஆகியவை இல்லாத பையில் கொண்டுபோகச் சொல்லுங்கள்.